ஒன்பதாம் இலக்கம்

உதயன் கடைசியாக அடித்த கோலை அவன் பார்க்கவில்லை. 2009 ஐப்பசி மாதம், பாரிசுக்கு வெளியே செவ்ரானில் மழை ஊறிய மைதானம். வலது காலால் உதைத்த அதே கணத்தில் இடது முழங்கால் உட்பக்கமாக மடிந்து, உள்ளே ஏதோ அறுந்தது. சேற்றில் முகம் குப்புற விழுந்து கிடந்தவனுக்கு மேலே வந்து விழுந்தவர்கள்தான் கோல் என்று சொன்னார்கள். அவர்கள் சிரித்துக்கொண்டு எழும்பிப் போன பிறகும் அவன் எழும்பவில்லை.

அந்த வருடம் வைகாசி வரைக்கும் அவன் ஆடிய நீலவானம் விளையாட்டுக் கழகத்தில் ஒருவரும் பந்தைத் தொடவில்லை. வேலை முடிந்த கையோடு, வன்னியில் சண்டையை நிறுத்தச் சொல்லி நடந்த ஊர்வலங்களுக்குப் போனார்கள். வைகாசிக்குப் பிறகு போவதற்கு ஊர்வலமும் இல்லை. பாரிசில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் சாமான் வாங்க வந்தவர்கள் விலையைக்கூடக் கேட்காமல் காசைக் கொடுத்துவிட்டுப் போன நாட்கள் அவை. கழகத் தலைவர் ஸ்ரீஸ்கந்தராசாதான் ஒரு நாள் தன் பலசரக்குக் கடைக்குப் பின்னால் எல்லோரையும் கூப்பிட்டு, "விளையாடுவம். இல்லாட்டி எங்கள் எல்லாருக்கும் விசர் பிடிச்சிடும்" என்றார். மாதக்கணக்காக ஓடாத உடம்போடு, முப்பத்துமூன்று வயதில், உதயன் ஒன்பதாம் இலக்கச் சட்டையைப் போட்டுக்கொண்டு போய் நின்றான்.

அவன் பெரிய வித்தைக்காரன் இல்லை. மூன்று பேருக்கு நடுவால் பந்தை வெட்டிக்கொண்டு போகத் தெரியாது. ஆனால் கோல் வாசலுக்கு முன்னால் பந்து எங்கே வந்து விழும் என்பது மற்றவர்களுக்கு ஒரு கணம் முந்தி அவனுக்குத் தெரியும். வலிகாமத்தில் ஊர்க்கழகத்துக்கு ஆடியபோதும், பிறகு பாரிசில் ஞாயிற்றுக்கிழமைகளிலும், அந்த ஒரு கணத்தை வைத்துத்தான் பெயர் எடுத்தான். திங்கள் முதல் சனி வரை அலுவலகக் கட்டடங்களில் கக்கூசு கழுவுகிறவன், ஞாயிறு பின்னேரம் லா சப்பல் தெருவில் நடந்தால் இரண்டு பக்கமும் கை காட்டுவார்கள். அது இனி இல்லை என்று சத்திரசிகிச்சை செய்த வைத்தியர் சொன்னபோது, அவன் பிரெஞ்சு விளங்காதவன் போல இரண்டாம் தரமும் கேட்டான்.

அடுத்த வருடம் அவனை முகாமையாளர் ஆக்கினார்கள். வேறு ஒருவரும் முன்வராததுதான் காரணம். பதினொரு பேரையும் சனிக்கிழமையே தொலைபேசியில் பிடிப்பது, உணவகத்தில் வேலை செய்கிறவனுக்கு முதலாளியிடம் கெஞ்சி லீவு எடுத்துக் கொடுப்பது, சட்டைகளை மூட்டை கட்டிக்கொண்டு வந்து தோய்ப்பிப்பது எல்லாம் அவன் வேலை. அது வந்தது. ஆட்டத்தை வெளியே நின்று பார்ப்பதுதான் வரவில்லை. கோட்டுக்கு வெளியே நிற்கும்போது பந்து கோல் வாசலுக்கு வந்தால் அவனுடைய வலது கால் தன்பாட்டில் ஓங்கும். இரண்டு பருவமும் நீலவானம் தோற்றது. "மனேச்சருக்குச் சொல்லித்தரத் தெரியேல்லை" என்று பொடியன்கள் கதைத்தது அவன் காதிலும் விழுந்தது. அது உண்மை. அந்த ஒரு கணம் தனக்கு எப்படித் தெரிந்தது என்று அவனுக்கே தெரியாதபோது எதைச் சொல்லிக்கொடுப்பது?

அவனும் மனைவி தாட்சாயினியும் ரூ பிலிப் து ஜிரார் தெருவில் நாலாம் மாடியில் இரண்டு அறை வீட்டில் இருந்தார்கள். யன்னலைத் திறந்தால் வடக்கே போகும் ரயில்களின் சத்தம். பிள்ளைகள் இல்லை. தாட்சாயினிக்கு ஒரு மரக்கறிக் கடையில் வேலை. விமானத்தில் வரும் பெட்டிகளை உடைத்து, அழுகினதை எறிந்து, முருங்கைக்காயைக் கட்டி, கருவேப்பிலையைப் பையில் போட வேண்டும். வாழைக்காய்ப் பால் பட்டுப் பட்டு அவளுடைய விரல் நுனிகள் கறுத்துப் போயிருந்தன.

2012 தையில் அவளுடைய தம்பி கீர்த்தனன் வந்து சேர்ந்தான். வன்னியில் கடைசி நாள் வரைக்கும் அகப்பட்டு, முகாமில் இருந்து, பிறகு எந்தெந்த நாடுகளாலோ சுற்றி வந்தவன். இருபத்தைந்து வயது. வலது காதுக்குப் பின்னால் மயிர் முளைக்காத ஒரு தழும்பு இருந்தது.

வந்த அன்று தாட்சாயினி குழைத்த புட்டையும் ஆட்டிறைச்சிக் கறியையும் சாப்பிட்டுக்கொண்டே அவன் அதைப் பற்றிச் சொன்னான்.

"செல்லடியிலை பட்டது, ரெண்டு இரும்புத் துண்டு உள்ளை கிடக்கு அக்கா. முகாமிலை பாத்த டொக்டர், உதை எடுக்கப் போனால்தான் பிரச்சினை, கிடந்திட்டுப் போகட்டும் எண்டவர்."

"நோகிறதோ?"

"இடைக்கிடை. முகாமிலை ரெண்டு தரம் விழுந்து வலிப்பு வந்தது. பேந்து இல்லை."

அவள் அந்த இடத்தில் கையை வைத்துப் பார்த்தாள். உதயன் தண்ணீர் குடிக்கும் சாட்டில் எழுந்து போனான்.

அகதி விண்ணப்பம் முதல் தரமும் மேன்முறையீட்டிலும் நிராகரிக்கப்பட்டது. தலைக்குள் துண்டு இருப்பது உண்மை, அது யாரால் வந்தது என்பதற்கு ஆதாரம் இல்லை என்பது போல ஏதோ எழுதியிருந்தார்கள். அதற்குப் பிறகு லா சப்பலில் மற்றவர்கள் செய்வதைத்தான் இவர்களும் செய்தார்கள். உதயனின் வதிவிட அட்டையை, எல்லோரும் 'காட்' என்று சொல்வதை, காட்டி கீர்த்தனன் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவவும் சிப்பி உரஞ்சவும் சேர்ந்தான். அங்கே அவனை உதயன் என்று கூப்பிட்டார்கள். ஒரு காட்டில் மூன்று பேர் வேலை செய்த வீடுகளும் அந்தத் தெருவில் இருந்தன. யாரும் அதைப் பெரிதாக நினைப்பதில்லை.

பந்து விளையாடப் போனதும் அப்படித்தான் தொடங்கியது. 2013 பங்குனியில் ஒரு ஞாயிறு, இரண்டு பேர் வரவில்லை. கீர்த்தனன் சும்மா பார்க்க வந்திருந்தான்.

"உம்மடை விளையாட்டு அட்டை புதுப்பிச்சுத்தானே கிடக்கு," என்றார் ஸ்ரீஸ்கந்தராசா. "தம்பியை அதிலை இறக்கும்."

"அதிலை என்ரை படம் அண்ணை. நான் அவனுக்குப் பத்து வயது மூப்பு."

"படம் நீர் வந்த புதிசிலை எடுத்தது. அப்ப நீரும் இப்பிடித்தானே, எலும்பும் தோலும். றெஃபறிக்கு எங்கடை ஆக்களின்ரை முகம் எல்லாம் ஒண்டுதான்."

நடுவர் அட்டையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், தலையை ஆட்டினார். கீர்த்தனன் யாருடையதோ சப்பாத்தைப் போட்டுக்கொண்டு இறங்கி இரண்டு கோல் அடித்தான். இரண்டாவது கோலுக்குப் பந்து வந்து விழ முந்தியே அவன் அந்த இடத்தில் நின்றான். கோட்டுக்கு வெளியே உதயனின் கால் ஓங்கிய திசையும் அதுதான்.

ஆட்டம் முடிந்து வந்தவனுக்கு மூச்சு வாங்கியது. "அத்தான், கால் ஒண்டையும் மறக்கேல்லை," என்றான். வந்த நாளிலிருந்து உதயன் அவன் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பைப் பார்த்ததில்லை.

அன்று தொடங்கி ஒவ்வொரு ஞாயிறும் கீர்த்தனன் ஆடினான். போட்டி முடிவுகள் இணையத்தில் வரும்போது கோல் அடித்தவர் என்று உதயனின் பெயர் வந்தது. சுவிசிலிருந்தும் கனடாவிலிருந்தும் பழைய ஆட்டக்காரர்கள் தொலைபேசியில் கேட்டார்கள். "மச்சான், முழங்கால் சரி வந்திட்டுதோ? இந்த வயதிலையும் போட்டு அடிக்கிறாய்." முதல் தடவை உதயன் உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தான். "ஓம், இப்ப பரவாயில்லை" என்றுதான் வந்தது. அதற்குப் பிறகு கேட்டவர்களுக்கும் அதையே சொன்னான். சொல்லச் சொல்ல, முழங்கால் உண்மையாகவே சுகம் வந்ததுபோல ஒரு நிமிர்வு நடையில் வந்தது. தாட்சாயினி அதைக் கவனித்தாள்.

"அவன் ஓடுறது நல்லது. ராவிலை நித்திரை கொள்ளுறான்," என்றாள் ஒரு நாள், சட்டைகளைக் குளியல் தொட்டியில் ஊறப்போட்டபடி. "ஆனால் தலையாலை பந்தை இடிக்க விடாதேங்கோ."

"நான் சொல்லித்தான் வைச்சிருக்கிறன்."

"சொன்னாப் போதாது. நீங்கள் மனேச்சர். இடிச்சால் வெளியிலை எடுங்கோ."

"ஓம் எண்டுறன்."

கோல் அடிக்கிறவன் தலையால் இடிக்காமல் இருக்க ஏலாது என்பது உதயனுக்குத் தெரியும். பந்து உயரத்தில் வந்தால் நினைக்க நேரமில்லை. கீர்த்தனன் இடித்தான். உதயன் அவனை வெளியில் எடுக்கவில்லை.

2014 சித்திரையில் எபினே-சூர்-செய்னில் அந்தப் பருவத்தின் கடைசி ஆட்டம். வென்றால் நீலவானம் மேல் பிரிவுக்குப் போகும். இருபது வருடம் பழைய கழகத்துக்கு இதுவரை நடக்காத காரியம். ஸ்ரீஸ்கந்தராசா ஒரு வானில் றோல்சும் கொத்தமல்லித் தண்ணீரும் கொண்டுவந்து இறக்கினார். லா சப்பலில் பாதிக் கடைகளில் முதலாளிமார் மட்டும் நிற்க, வேலைக்காரர்கள் எல்லோரும் மைதானத்தில் நின்றார்கள். குளிர் விடாத, வெளிச்சம் கண்ணைக் குத்தும் பகல்.

இடைவேளையில் ஒன்றுக்கு ஒன்று. மற்றவர்கள் தோடம்பழம் உரித்துக்கொண்டிருக்க, கீர்த்தனன் கம்பி வேலியில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றான்.

"அத்தான், தலை ஒரு மாதிரிக் கிடக்கு."

"எப்ப துவங்கி?"

"போன கிழமை மட்ச் முடிஞ்சாப் பிறகு. வேலைக்குப் போனனான், குளிசை போட்டனான். இண்டைக்கு வெளிச்சம் பாக்க ஏலாமல் கிடக்கு."

"அக்காவுக்குச் சொன்னனியோ?"

"சொன்னால் விடமாட்டாதானே."

உதயன் திரும்பிப் பார்த்தான். மாற்று ஆட்டக்காரர்கள் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவனுக்கு வயிறு வைத்திருந்தது. மற்றவன் முதல் நாள் வேலை முடித்து நித்திரையில்லாமல் வந்தவன். ஸ்ரீஸ்கந்தராசா தூரத்தில் நின்று கையால் என்ன என்று கேட்டார். உதயன் ஒன்றுமில்லை என்று கை காட்டினான்.

"ஒரு குளிசை போடு. அரை மணித்தியாலம் நில்லு, பேந்து எடுக்கிறன்."

"ஓம் அத்தான்," என்றான் கீர்த்தனன். அவன் மறுத்துக் கதைக்கிறவன் இல்லை.

அரை மணித்தியாலம் முடிய முந்தி ஒரு மூலை உதை வந்தது. பந்து உயர்ந்து வந்து இறங்கும் இடத்துக்கு கீர்த்தனன் எல்லோருக்கும் முன்னால் போய்ச் சேர்ந்தான். நெற்றி முட்டப் பாய்ந்தான். வலை அசைந்தது. மைதானத்தைச் சுற்றி நின்றவர்கள் உதயன், உதயன் என்று கத்தினார்கள். விஷயம் தெரிந்தவர்களும் அப்படித்தான் கத்தினார்கள், பழகிவிட்டது. உதயனும் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினான். முழங்கால் நொந்ததுகூடத் தெரியவில்லை.

கீர்த்தனன் நடுக்கோட்டை நோக்கி நடந்து வந்தான். பாதி வழியில் குந்தினான். சத்தி எடுத்தான். பிறகு ஒரு பக்கமாகச் சாய்ந்து கைகால் வெட்டத் தொடங்கியது.

பொம்பியே என்று எல்லோரும் சொல்லும் தீயணைப்புப் படையின் வண்டி கெதியில் வந்தது. வாயில் ஒட்சிசன் வைத்துக்கொண்டே அவர்களில் ஒரு பெண் பெயரைக் கேட்டாள். நடுவர் கையில் அட்டை இருந்தது. ஸ்ரீஸ்கந்தராசாவின் கை உதயனின் தோளில் வந்து விழுந்து இறுகியது. உதயன் புல்லில் கிடந்தவனைப் பார்த்தான். பிறகு தன்னுடைய பெயரைச் சொன்னான். பிறந்த திகதியையும் சொன்னான். கையோடு காட்டையும் எடுத்துக் கொடுத்தான்.

தாட்சாயினி கடையில் வெண்டிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தாள். உதயனின் அழைப்பு வந்ததும் பெட்டிகளுக்குப் பின்னால் ஒதுங்கினாள்.

"தம்பி விழுந்திட்டான். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்திருக்கு. மூளையிலை ரத்தம் எண்டு உடனை ஒப்பறேசன் செய்யினம். நீர் வாரும். வரேக்கை ஒண்டு, அங்கை நீர் என்ரை மனிசி எண்டுதான் நிக்கோணும்."

"நான் உங்கடை மனிசிதானே."

"அதில்லை. அவன்தான் அங்கை நான்."

அவளுக்கு விளங்க ஒரு நிமிடம் சென்றது. பிறகு வேலைக்குப் போடும் மேலங்கியைக் கழற்றி ஆணியில் கொழுவிவிட்டு வெளிக்கிட்டாள்.

அந்த நாள் அவள் தம்பியின் மனைவியாக நின்றாள். தாள்களில் மனைவி என்ற இடத்தில் கையெழுத்து வைத்தாள். மொட்டையடித்த தலையோடு, வாய்க்குள் குழாயோடு கிடந்தவனின் காலடியில் நாற்காலியில் இருந்தாள். கையைப் பிடிக்கக்கூடப் பயமாக இருந்தது. பெண்சாதி எப்படிப் பிடிப்பாள், அக்கா எப்படிப் பிடிப்பாள் என்று யாரும் கண்டுபிடித்துவிடுவார்களோ என்று. உதயன் மைத்துனன் என்று சொல்லிக்கொண்டு வாசலில் நின்றான்.

அடுத்த நாள் காலை புதிய தாதி வேலைக்கு வந்தாள். லூசியா என்று பெயர். புதுச்சேரியிலிருந்து சின்ன வயதிலேயே பிரான்சுக்கு வந்து, அரசாங்க ஆஸ்பத்திரியில் நரைத்துப் போனவள். தாட்சாயினியின் நெற்றிப் பொட்டைப் பார்த்ததும் தமிழில் கதைத்தாள்.

"சாப்டீங்களாம்மா? கீழ காப்பி கிடைக்கும்."

"வேண்டாம் அக்கா."

"டாக்டர் ஒண்ணு கேக்கச் சொன்னாரு. உங்க வீட்டுக்காரருக்கு எடுத்த படத்துல, ரத்தம் கட்டின எடத்துக்குப் பக்கத்துல பழைய இரும்புத் துண்டு தெரியுது. முன்ன எப்பவாவது அடிபட்டிருக்கா? வலிப்பு வந்திருக்கா? அவரோட பழைய மெடிக்கல் டொசியேல அதெல்லாம் ஒண்ணும் இல்ல. இடது முழங்கால் ஆபரேஷன்னு மட்டும்தான் இருக்கு."

லூசியா கட்டிலைப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினாள்.

"நான்தான் காலைல உடம்பு தொடைச்சி விட்டேன். ரெண்டு காலும் சுத்தமா இருக்கு. தழும்பே இல்ல."

"எனக்குத் தெரியேல்லை அக்கா. அவரிட்டை... அவற்றை மச்சானிட்டைக் கேட்டுச் சொல்லுறன்."

உதயன் ஆஸ்பத்திரிக்கு எதிர்க் கடையில் ஸ்ரீஸ்கந்தராசாவோடு இருந்தான். தாட்சாயினி தெருவைக் கடந்து போய் அவர்களுக்கு முன்னால் நின்றாள்.

"டொக்டர்மார் தலையிலை கிடக்கிறதைக் கேக்கினம். சொல்லுவம்."

"என்னெண்டு சொல்லுறது?" என்றான் உதயன். "நான் வந்தது சண்டை இல்லாத நேரம். என்ரை டொசியேயிலை அப்பிடி ஒண்டும் இல்லை."

"அவன்தான் கீர்த்தனன் எண்டு சொல்லுவம்."

"பிள்ளை, கொஞ்சம் பொறுமையாய் யோசியும்," என்றார் ஸ்ரீஸ்கந்தராசா. "சொன்னால் பொலிஸ் வரும். அவருக்கு அடுத்த மாதம் காட் புதுப்பிக்கோணும். தம்பி கண் முழிச்சாப் பிறகு அவனைக் கொண்டுபோய்த் திருப்பி அனுப்புவாங்கள். ஆருக்கு லாபம்?"

"அண்ணை, நான் உங்களோடை கதைக்கேல்லை."

உதயன் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தான். "ஒரு நாள் பொறும் தாட்சா. கண் முழிக்கட்டும். கண் முழிச்சால் அவனே எல்லாத்தையும் சொல்லுவான். காட் போனால் மூண்டு பேரும் தெருவிலை நிக்கோணும்."

அவள் அவனுடைய முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு திரும்பிப் போனாள். மேலே போய் லூசியாவிடம், விசாரித்தது, ஒருவருக்கும் தெரியவில்லை என்று சொன்னாள். அப்படிச் சொன்னது அவள் வாய்தான். அதை அவள் பிறகு எந்தக் காலத்திலும் உதயன் தலையில் போடவில்லை.

அன்று பின்னேரம் கீர்த்தனனுக்குத் திரும்பவும் வலிப்பு வந்தது. இரவு வேலைக்காரர்கள் இரண்டு தரம் ஓடி வந்தார்கள். விடிந்து லூசியா திரும்பி வந்தபோது தாட்சாயினி நாற்காலியில் இல்லை, கட்டில் விளிம்பில் இருந்தாள். தம்பியின் காதுக்குப் பின்னால் கையை வைத்திருந்தாள்.

"இவர் என்ரை மனிசன் இல்லை," என்றாள். "என்ரை தம்பி. கீர்த்தனன். பிறந்தது எண்பத்தேழாம் ஆண்டு. தலைக்குள்ளை ரெண்டு செல் துண்டு கிடக்கு. முகாமிலை ரெண்டு தரம் வலிப்பு வந்தது. இஞ்சை வந்து வரேல்லை. எழுதுங்கோ அக்கா."

லூசியா எழுதவில்லை. அவளுக்குப் பக்கத்தில் இருந்து தோளில் கை போட்டாள். "இத நேத்தே சொல்லியிருக்கலாமேம்மா," என்று மெதுவாகச் சொன்னாள். பிறகு எழுந்து வைத்தியரைத் தேடிப் போனாள்.

வைத்தியர் வந்து எல்லாவற்றையும் முதலிலிருந்து கேட்டார். மருந்துகளை மாற்றினார்கள். திரும்பவும் படம் எடுக்கக் கொண்டு போனார்கள். மத்தியானத்துக்குப் பிறகு அவர் இருவரையும் ஒரு சின்ன அறையில் கூப்பிட்டு வைத்துச் சொன்னார். வீக்கம் குறையவில்லை, இனி செய்வதற்கு ஒன்றும் இல்லை. உதயன் பிரெஞ்சில் ஒரேயொரு கேள்வி கேட்டான். நேற்றே தெரிந்திருந்தால்? வைத்தியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தெரியாது என்றார். வித்தியாசம் இருந்திருக்கலாம், இல்லாமலும் இருந்திருக்கலாம், அதைச் சொல்லக்கூடிய ஆள் யாரும் இல்லை.

தாட்சாயினி அதை மொழிபெயர்க்கச் சொல்லவில்லை. அவளுக்கு விளங்கியிருந்தது.

கீர்த்தனன் இறந்துபோனதை ஊரில் இருந்த தாய்க்கு அவள்தான் தொலைபேசியில் சொன்னாள். தாய் அழ முதல் ஒரு கேள்வி கேட்டாள். "பந்தாலையோ? செல்லுக்கை இருந்து இழுத்துக்கொண்டு வந்த பிள்ளை, பந்தாலையோ?" அந்தப் பக்கம் வேறு குரல்கள் வந்து தொலைபேசியை வாங்கும் வரைக்கும் அவள் அதையே கேட்டுக்கொண்டிருந்தாள்.

பொலிஸ் நிலையத்தில் உதயன் எல்லாவற்றையும் ஒத்துக்கொண்டான். காட் கொடுத்தது, விளையாட்டு அட்டை கொடுத்தது, மைதானத்தில் பெயர் சொன்னது. வேறு யாருக்குத் தெரியும் என்று கேட்டபோது, முகாமையாளர் நான், எல்லாம் நான்தான் என்றான். உணவக முதலாளி தனக்கு ஒன்றும் தெரியாது என்றார். ஸ்ரீஸ்கந்தராசாவும் அப்படியே சொன்னார். அவர் அதோடு நிற்காமல், கடைக்கு வருகிறவர்களிடமும் சொன்னார். "நான் தலைவர் எண்டு பேருக்குத்தான். ஆரை இறக்கிறது எண்டது மனேச்சற்றை முடிவு." கழகத்தை ஒரு பருவத்துக்கு நிறுத்தி வைத்தார்கள். அடித்த கோல் எண்ணப்படவில்லை, மேல் பிரிவுக்குப் போகவும் இல்லை. சில பொடியன்களுக்கு அந்தக் கோபம்தான் பெரிதாக இருந்தது.

புறநகர்ச் சுடலையில் மின்சாரத்தில் எரித்தார்கள். லூசியா வந்து பின்வரிசையில் இருந்துவிட்டுப் போனாள். நீலவானத்திலிருந்து நாலைந்து பேர் வந்தார்கள். பெட்டியைத் தூக்கும்போது உதயனும் தோள் கொடுத்தான். முழங்கால் மடிந்து தடுமாறியதும் பின்னால் நின்றவன் அவனை விலக்கிவிட்டு அந்த இடத்தைப் பிடித்தான்.

துப்புரவு வேலை போனது. வழக்கில் சிறை இல்லாத தண்டனை கிடைத்தது. காட் புதுப்பிக்கக் கொடுத்தது திரும்பி வரவில்லை. ஒவ்வொரு தரமும் இன்னும் பரிசீலனையில் என்றார்கள். வீட்டு வாடகைக்குத் தாட்சாயினி லீவு நாட்களிலும் கடைக்குப் போனாள். உதயன் கொஞ்சக் காலம் சும்மா இருந்தான். பிறகு வில்லியே லே பெல்லில் ஒரு திருமண மண்டபத்தில், பெரிய கிடாரங்கள் உரஞ்சும் வேலைக்குப் போகத் தொடங்கினான். தெரிந்த ஒருவரின் காட் அது. அங்கே அவனைக் குலசேகரம் என்று கூப்பிட்டார்கள். முதல் நாட்களில் கூப்பிட்டால் திரும்பமாட்டான். செவிடன் என்று நினைத்தார்கள்.

வீட்டில் சண்டை நடக்கவில்லை. அவள் சமைத்து மூடி வைத்தாள், அவன் போட்டுச் சாப்பிட்டான். பால் முடிஞ்சுது, தண்ணிக் காசு கட்டோணும், அம்மா ரெலிபோன் எடுத்தவ. இவைதான் அவர்களுக்கு நடுவே இருந்த சொற்கள். ஒரு தரம் மட்டும் உதயன் சொல்லப் பார்த்தான்.

"தாட்சா, அண்டைக்கு இடைவேளையிலை அவன் என்னட்டைத் தலை நோகுதெண்டு சொன்னவன்."

அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கை நின்றது.

"தெரியும்," என்றாள். "கட்டிலிலை கிடக்கேக்கை அவன்ரை காச்சட்டைப் பையிலை குளிசை உறை கிடந்தது. உங்களிட்டைச் சொல்லாமல் அவன் ஒண்டும் செய்யமாட்டான்."

திரும்பவும் ஆயத் தொடங்கினாள்.

2015 ஆனியில் ஒரு சனிக்கிழமை பின்னேரம் ஸ்ரீஸ்கந்தராசா வந்தார். நாலு மாடி ஏறி வந்ததில் அவருக்கு இளைத்தது. கூடவே கழகத்துப் புதிய முகாமையாளரும் வந்திருந்தார். ஒரு பை நிறைய மாம்பழம் கொண்டுவந்து மேசையில் வைத்தார்கள். தாட்சாயினி தேத்தண்ணி போட்டுக் கொடுத்தாள். உதயன் யன்னலோரம் நின்றான்.

"தங்கச்சி, நடந்தது நடந்துபோச்சு," என்று தொடங்கினார் ஸ்ரீஸ்கந்தராசா. "கழகம் திரும்பத் துவங்கியிருக்கு. வாற மாதம் ஒரு சுற்றுப்போட்டி வைக்கிறம். லண்டனிலை இருந்தும் ரீம் வருது. தம்பியின்ரை பேரிலை ஒரு ஞாபகார்த்தக் கிண்ணம் வைப்பம் எண்டு யோசிச்சிருக்கிறம். நீங்கள் ரெண்டு பேரும் வந்து கிண்ணத்தைக் குடுக்கோணும். சனத்துக்கும் அது ஒரு ஆறுதல்."

உதயன் திரும்பி மனைவியைப் பார்த்தான். அவனுக்கு அது வேண்டியிருந்தது என்பது முகத்தில் தெரிந்தது. ஒரு மைதானத்தின் ஓரத்தில் போய் நிற்க அவன் அவ்வளவு காலமாகக் காத்திருந்தான்.

"எந்தத் தம்பியின்ரை பேரிலை அண்ணை?" என்று கேட்டாள் தாட்சாயினி.

"கீர்த்தனன்ரை பேரிலைதான் பிள்ளை. வேறை ஆர்?"

"அவன் உங்கடை கழகத்துக்கு ஒரு நாளும் விளையாடேல்லையே."

ஸ்ரீஸ்கந்தராசா தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார். புதிய முகாமையாளர் மாம்பழப் பையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பொலிசுக்கு அப்பிடித்தானே சொன்னனீங்கள், ஆர் ஆர் விளையாடினது எண்டு உங்களுக்குத் தெரியாதெண்டு," என்றாள் அவள். குரல் உயரவில்லை. "அடிச்ச கோல் எல்லாம் இவர்ரை பேரிலைதான் கிடக்கு. இப்பவும் இன்ரநெற்றிலை போய்ப் பாருங்கோ. என்ரை தம்பி இந்த நாட்டிலை ஒரு பந்தும் அடிக்கேல்லை. கிண்ணம் வைக்கிறதெண்டால் இவர்ரை பேரிலை வையுங்கோ."

"தாட்சா," என்றான் உதயன்.

அவள் அவனைப் பார்க்கவில்லை. வந்தவர்களின் கோப்பைகளை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போனாள். ஸ்ரீஸ்கந்தராசா எழும்பினார். கதவடியில் உதயனின் கையைப் பிடித்து, பிறகு கதைப்பம் என்றார். உதயன் தலையை ஆட்டினான். அவர்கள் இறங்கிப் போகும் சத்தம் கடைசி மாடி வரைக்கும் கேட்டது.

வில்லியே லே பெல்லில் அன்று ஒரு கலியாணம். உதயன் சப்பாத்தைக் கட்டிக்கொண்டு, வேலைக்குப் போட்டுவாறன் என்றான். குசினிக்குள்ளிருந்து தண்ணீர் ஓடும் சத்தம் மட்டும் வந்தது. அவன் கதவைச் சாத்திவிட்டு, கைப்பிடிக் கம்பியைப் பிடித்து, நோகிற காலை ஒவ்வொரு படியிலும் முதலில் வைத்து இறங்கிப் போனான்.